உள்ளறைத் தரைக்குள் இருந்த பாதரசம்

புதிதாகத் தரை போட வந்த மேசன் உள்ளறைத் தரையை உடைக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். நான் குசினியில் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏழு வயது மகள் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"உம்மா, தரைக்குள்ளால வெள்ளி வருது" என்றாள்.

கையைத் திறந்தாள். கடலை அளவில் ஓர் உருண்டை, கண்ணாடியைப் போல் பளபளத்தது. அவளுடைய கை நடுங்கியது. உருண்டையும் அதோடு சேர்ந்து ஆடியது.

அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நான் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் எது என்று வருடா வருடம் பிள்ளைகளிடம் கேட்பேன். பாதரசம் என்று முன்வரிசை கத்தும். ஆனால் அன்று அதைக் கண்டதும் நான் பயந்ததற்குக் காரணம் பாடப் புத்தகம் இல்லை. அதை அந்தத் தரைக்குள் போட்டவளே நான்தான். முப்பது வருடமாக ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு தாளை மடித்து உருண்டையை அதில் உருட்டி எடுத்து வெறும் போத்தலுக்குள் போட்டு மூடினேன். மகளின் கையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டினேன். "முத்தத்துக்குப் போ. நான் கூப்பிடுற வரைக்கும் உள்ளுக்குக் கால் வச்சியோ, காலை முறிச்சிப் போடுவன்" என்றேன். பயந்தால் எனக்கு அப்படித்தான் வாய் வரும். பிள்ளை அழுதுகொண்டே முற்றத்துக்கு ஓடினாள்.

அந்தக் கை ஒரு வருடமாக நடுங்குகிறது. முதலில் தண்ணீர்க் குவளை தளும்பியது. பிறகு எழுத்துக் கோணியது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். சின்ன விடயத்துக்கும் கோபம், அழுகை. கண் பரிசோதித்தோம், விற்றமின் கொடுத்தோம், என் உம்மா கூட்டிக்கொண்டு போய் ஓதிய தண்ணீர் குடிக்க வைத்தார். வகுப்பு ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, "டீச்சர், கோபிக்கக்கூடாது, பிள்ளை கொஞ்சம் மந்தம் போல" என்றபோது நான் கோபிக்கவில்லை, பயந்தேன். அதே கையையும், அதே கோணல் எழுத்தையும், அதே பார்வையையும் நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் தம்பியிடம்.

அறைக்குள் ஓடினேன். மேசன் கூட்டுவதற்குத் தும்புத்தடியைக் கையில் எடுத்துவிட்டார்.

"கூட்டாதீங்க!" என்று கத்தினேன். "கூட்டினா தூளாப் பிரிஞ்சி எல்லா இடமும் போயிரும். வெளிய வாங்க. யன்னலைத் திறந்து உடுங்க."

சுவரோரமாக உடைத்த சீமெந்துக்குக் கீழே, மணலுக்குள், சின்னதும் பெரியதுமாக வெள்ளி மணிகள். மேசன் இரண்டடி பின்னால் போய், தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இது சும்மா வந்த சாமான் இல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "ஆரோ வச்சிரிக்காங்க."

சத்தம் கேட்டு உம்மா பின்பக்கத்திலிருந்து வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது ஆறுதல். பல வருடமாகத் தேடியது அகப்பட்ட ஒரு ஆறுதல்.

"நான் சொன்னன்தானே" என்றார். "சொன்னா நீ சிரிச்சாய். இப்ப பாரு. எங்கட வீட்டுக்குச் சூனியம் வச்சிரிக்காங்க."

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து கீழே போகும் இந்தக் கடலோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடிந்தால் ஆண்பிள்ளை உடுப்பை மடித்துக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். பெண்பிள்ளை தான் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். பெற்றோர் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்குவார்கள். இதனால்தான் நான் பதினொரு வயதில் செய்த காரியத்தின் மேலேயே நாற்பத்தொரு வயதிலும் படுத்து எழும்பிக்கொண்டிருந்தேன். வேறு ஊரில் என்றால் நான் அதை விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

என் வாப்பா அரசாங்க மருந்தகம் ஒன்றில் மருந்து கொடுக்கிறவராக இருந்தார். அங்கே பிரஷர் பார்க்கிற பெட்டி ஒன்றில் கண்ணாடிக் குழாய் உடைந்துபோக, திருத்திப் பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தார். குழாயிலிருந்த பாதரசத்தைச் சிறிய போத்தலில் ஊற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். "இது நஞ்சி. ஆரும் தொடப்படாது" என்று எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். தொடக்கூடாது என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேன்.

ஒரு மத்தியானம், லுஹர் நேரம், உம்மா பக்கத்து வீட்டுக்குப் போனதும் கதிரையில் ஏறிப் போத்தலை எடுத்தேன். தம்பிக்கு ஆறு வயது. உள்ளறைத் தரையில் ஒரு சொட்டு ஊற்றினேன். விரலால் தொட்டால் இரண்டாகும். இரண்டையும் கிட்டக் கொண்டுவந்தால் ஒன்றாகும். தம்பி கைதட்டிச் சிரித்தான். அவனுடைய சிரிப்புக்காகவே இன்னும் ஊற்றினேன். போத்தல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கை வழுக்கியது. முழுவதும் தரையில் கொட்டி, சுவரை நோக்கி ஓடி, சுவரும் தரையும் பிரிந்திருந்த வெடிப்புக்குள் நாங்கள் பார்த்திருக்கவே இறங்கிப்போனது.

வீட்டுக்குப் பின்னால் கிடந்த சீமெந்துத் தூளைத் தண்ணீரில் குழைத்து வந்து வெடிப்பில் அப்பினேன். பதினொரு வயதுக்காரியின் மேசன் வேலை. அதற்கு மேலே தம்பியின் பன்பாயை விரித்தேன். அந்தச் சுவரோரம்தான் அவன் படுக்கிற இடம்.

மூன்றாம் நாள் வாப்பா வெறும் போத்தலைக் கண்டார். அவ்வளவு பயந்து நான் அவரைக் கண்டதில்லை. "எங்க கொட்டின? சரியான இடத்தைச் சொல்லுங்க" என்றார். அடிப்பதற்காகக் கேட்கவில்லை, இடத்தைத்தான் கேட்டார். எனக்கு இப்போது அது விளங்குகிறது. அப்போது பிரம்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"தம்பிதான்" என்றேன். "முத்தத்து மணலுக்குள்ள கொட்டிட்டான்."

தம்பி என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. பிறகு வாப்பா மண்வெட்டி எடுத்து, நான் காட்டிய இடத்தில் முற்றத்து மணலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, பையில் கட்டிக் கொண்டுபோய்த் தூரத்தில் புதைத்தார். செய்ய வேண்டிய வேலையைச் செய்தார். இடம்தான் பிழை. அந்தப் பிழை என்னுடையது.

அந்த வருடமே தம்பியின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தன. வேர்த்துக் கொட்டும். சாப்பிடமாட்டான். விளையாடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பயந்த கோளாறு என்றார்கள். தோல் ஆறியது, நடுக்கம் நின்றது போலிருந்து திரும்பவும் வந்தது. கோணல் எழுத்துக்காகப் பாடசாலையில் விரல் மூட்டுகளில் அடித்தார்கள். அடிபட்ட கை இன்னும் கோணலாக எழுதியது. ஊரில் எல்லோரும் அவனை மோடன், மூளையில்லாதவன் என்றார்கள். வீட்டிலும் சொன்னோம், நானும் சொன்னேன். ஓ.எல். பரீட்சை எடுக்காமலே நின்றுவிட்டான். நிந்தவூரில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கப் போனான். நடுங்குகிற கையிடம் மூட்டை எழுதச் சொல்லிக் கேட்காது.

கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போன பிறகு அவனுடைய கை கொஞ்சம் அடங்கியது. மருமகளின் கைராசி என்று உம்மா ஊரெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது.

ஆக, வீடு அவனை விட்டது, என்னைப் பிடித்துக்கொண்டது. சுனாமித் தண்ணீர் முழங்காலளவு ஏறி வடிந்தபோதுகூட அந்தப் பாதரசம் போகவில்லை. அவ்வளவு கனமானது அது. என் மகள் பிறந்து நாற்பது நாளும் நான் அதே உள்ளறையில் கிடந்தேன். குளிர் பட்டுவிடும் என்று யன்னலை அடைத்து, கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைத்து, சாம்பிராணி போட்டார்கள். அதன் பிறகும் அவள் அங்கேயே என்னோடு படுத்து வளர்ந்தாள். பாதரசம் சும்மா கிடந்தாலே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக்கொண்டிருக்கும். அதைக் குடித்தால் வரும் கேட்டைவிடச் சுவாசித்தால் வரும் கேடு பெரிது. சூடு பட்டால் ஆவி இன்னும் கூடும். இதையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் கட்டிலுக்குக் கீழே பார்க்கவில்லை. பயந்து ஒளித்த ஒன்றை நினைக்கவே கூடாது என்று மனதைப் பழக்கினால் மனது அவ்வளவு நன்றாகப் பழகிவிடுகிறது.

இப்போது உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கட்டளை போடத் தொடங்கிவிட்டார். தம்பிக்குத் தொலைபேசி எடுத்து உடனே வரச் சொன்னார். ஓதிப் பார்க்கிற லெப்பைக்கும் ஆள் அனுப்பினார்.

"அஸர் தொழுதுட்டு வாறாராம்" என்றார். "தணல் போட்டு வைக்கச் சொன்னார். எடுத்த சாமானை நெருப்பில போட்டு ஓதினா முறிஞ்சிரும்."

நான் உம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"உம்மா, அது பாதரசம். நெருப்பில போட்டா முழு வீடும் நஞ்சாகிரும். எல்லாரும் அதைத்தான் சுவாசிப்பம்."

"ஓம், பாதரசம்தான். அதைத்தானே வைப்பாங்க" என்றார் உம்மா, என்னுடைய விஞ்ஞானத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டு. "ஆரு வச்சதெண்டும் எனக்குத் தெரியும். வேலிப் பிரச்சினைக்குப் பிறகு உங்கட மாமி இந்த வாசலுக்கு வந்தாளா? என்ட மகன்ட கையைக் கெடுத்தாள். இப்ப பேத்திட கையைப் புடிச்சிட்டாள்."

மாமி என்றது உம்மாவின் தம்பி மனைவி. மூன்றாவது வீட்டில் இருக்கிறார். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, உம்மா இருப்பதால் வேலிக்கு வெளியே நின்று தருகிறவர்.

நான் வாதாடினேன். படிப்பைக் காட்டினேன், உரத்துக் கத்தினேன். எதுவும் எடுபடவில்லை. ஏனென்றால் தரைக்குள் பாதரசம் எப்படி வந்தது என்ற ஒரு கேள்விக்கு உம்மாவிடம் பதில் இருந்தது, என்னிடம் இல்லை. இருந்த பதிலை நான் சொல்லவில்லை. கணவர் கத்தாரில். அவருக்கு எடுக்கலாமா என்று தொலைபேசியைத் தூக்கி, எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தேன். அறைக் கதவை இழுத்து மூடி, கீழே இடைவெளியில் நனைத்த சாரத்துணியைச் செருகினேன். மேசன் கூலியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். நாளைக்கு ஊர் முழுக்கக் கதை போகும், மாமியின் பெயரோடு போகும்.

தம்பி வந்தான். ஆலைத் தவிடு தலையில் படிந்திருந்தது. முற்றத்தில் அழுதுகொண்டிருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். அவளுடைய கையைத் தன் கைக்குள் வைத்துப் பார்த்தான். இரண்டு கைகளும் நடுங்கின. எந்தக் கையால் எந்தக் கை நடுங்குகிறது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அஸர் முடிந்து லெப்பை வந்தார். வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். உம்மா தணல் சட்டியை உள்ளறை வாசலில் கொண்டுவந்து வைத்தார். கொட்டாங்கச்சிக் கரி நன்றாகச் சிவந்திருந்தது. நான் மூடி வைத்த போத்தலை எடுத்து லெப்பையிடம் நீட்டினார்.

"மகன், இஞ்ச வாங்க. புள்ளையையும் கிட்டக் கொண்டு வாங்க" என்று உம்மா தம்பியைக் கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ட கண்ணுக்கு முன்னாலதான் இது எரியணும்."

தம்பி பிள்ளையோடு படியேறினான். அவன் எப்போதும் சொன்னதைச் செய்கிறவன். லெப்பை போத்தலின் மூடியில் கை வைத்தார்.

"அதை ஆரும் வைக்கல்ல" என்றேன். "நான் கொட்டினன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை சத்தம் அதிகமாகிவிட்டது.

"வாப்பாட பிரஷர் பெட்டிப் பாதரசம். நான்தான் அலுமாரியில இருந்து எடுத்தன். இந்த அறைக்குள்ள கொட்டினன். சீமெந்தால மூடினன். தம்பி கொட்டல்ல. முத்தத்துல கொட்டல்ல. நான் பொய் சொன்னன். அவன்ட பாயை அதுக்கு மேல விரிச்சதும் நான்தான்."

லெப்பை மூடியிலிருந்து கையை எடுத்தார். போத்தலை என்னிடம் தந்தார். குனிந்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு தானே முற்றத்துக்குப் போய் மணலில் கொட்டி மூடினார். "புள்ளையை வெளிய கொண்டு போங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. துஆவை நான் இஞ்சயிருந்தும் கேப்பன்" என்றார். அவர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

உம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பாடசாலையில் நானூறு பிள்ளைகளை அடக்குகிறவள் நான். சின்னப் பிள்ளை போல நின்று வாங்கிக்கொண்டேன். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பிறகு உம்மா படியில் உட்கார்ந்து, "மாமியை எத்தனை வாட்டி சபிச்சன், றப்பே" என்று தலையில் கை வைத்தார்.

தம்பி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லதென்றும் இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். யோசிக்க அவனுக்கு எப்போதும் நேரமெடுக்கும்.

"நான் கொட்டின எண்டுதான் ராத்தா நான் நினைச்சிக்கிட்டிரிக்கன்" என்றான். "வாப்பா அடிச்சது ஞாபகம் இரிக்கி. அடிச்சா நான் செஞ்சிருப்பன்தானே எண்டு..." பாதியில் நிறுத்தினான். "உடுப்பை எடுக்க வேணாம். அதிலயும் இரிக்கும். அப்படியே புள்ளையையும் உம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்கட வீட்ட வாங்க."

அவனுடைய மனைவியின் வீட்டில் இரண்டு மாதம் இருந்தோம்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம் பெண். என்னைப் பேச விட்டு, இடையில் ஒரு தடவைகூட "ஏன் அப்பவே சொல்லவில்லை" என்று கேட்காமல் எழுதினார். யார் எங்கே படுத்தார்கள், எத்தனை வருடம், யன்னல் எப்போது அடைத்திருந்தது, பல்முரசு வீங்கியதா, தூக்கம் எப்படி, கோபம் எப்படி. கடைசிக் கேள்விக்கு நான் என்னைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. என் கோபத்தை நான் இவ்வளவு காலமும் சுபாவம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் எவ்வளவு நான், எவ்வளவு தரை என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

"இவருடைய கதையும் எனக்கு வேணும்" என்றார் டாக்டர் தம்பியைக் காட்டி. "பிள்ளைக்கு என்ன வரலாம் எண்டு பாக்க இது உதவும்."

தம்பி ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, தோல் உரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எனக்குத் தெரியாதவையும் அதில் இருந்தன. பாடசாலையில் ஒன்றுக்கு அடக்க முடியாமல் போனது. கடிதம் வாசிக்கும்போது வரி நழுவுவது. தன்னுடைய பிள்ளை பிறந்தபோது, கை நடுங்கி விழுந்துவிடுமோ என்று ஒரு மாதம் அதைத் தூக்காமலே இருந்தது. என் மகளுக்கு உதவும் என்பதற்காக ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னான். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளும் நானும் தம்பியும் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தோம், இரத்தமும் எடுத்தார்கள். மாதிரிகள் கொழும்புக்குப் போயின. சுகாதாரப் பரிசோதகர்கள் முகமூடியோடு வந்து உள்ளறையை மூடி, தரையைத் தோண்டி, மணலை இறுகிய பீப்பாய்களில் அள்ளிக்கொண்டு போனார்கள். மெத்தை, பாய், திரைச்சீலை எல்லாம் போயின. முடிவு வரும்வரை நாள் நகரவே இல்லை. மகள் குவளையைத் தூக்கும்போதெல்லாம் ஒன்பது பேர் இருந்த அந்த வீட்டில் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. குவளையைக் கட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக் குடிக்கத் தொடங்கினாள்.

முடிவு வந்தது. மகளுடைய உடம்பில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகப் பாதரசம் இருந்தது. என்னிடமும் இருந்தது, அவளைவிடக் குறைவாக. வளர்ந்தவளையும் வளர்கிறவளையும் அது ஒரே மாதிரித் தொடுவதில்லை என்றார் டாக்டர். வளர்கிற மூளைதான் அதற்குப் பிடித்த இடம்.

"அந்த வீட்டை விட்டு வந்ததுதான் முதல் மருந்து. மெல்ல மெல்ல உடம்பிலயிருந்து போகும். நடுக்கமும் குறையலாம். ஆனா ஞாபகம், கவனம், கை, சிறுநீரகம் எல்லாத்தையும் வருசக் கணக்காப் பாக்கணும். சில பிள்ளைகளுக்கு ஒண்டும் மிஞ்சாது. சிலருக்கு மிஞ்சும். இப்ப எனக்குச் சொல்லத் தெரியாது."

தெரியாது என்ற சொல்லை நான் வகுப்பில் ஏற்றுக்கொள்வதில்லை. தெரியாது என்று சொல்கிற பிள்ளையை நிற்க வைப்பேன். அன்று அந்தக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டு, இனி அந்தச் சொல்லோடுதான் வாழ வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன்.

இரண்டாவது பரிசோதனையில் மகளுடைய அளவு இறங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். டாக்டர் பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். பிள்ளைக்குப் பாதரசத்தால் பாதிப்பு ஏற்பட்டிருப்பதாகவும், எழுத நேரம் கொடுக்க வேண்டும் என்றும், தண்டிக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார்.

தம்பி அதை வாங்கி, வரி வரியாக விரல் வைத்து மெதுவாக வாசித்தான். அதை மடித்து என் மகளின் புத்தகப் பைக்குள் கவனமாக வைத்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான்.

"என்ட சோதனையில ஒண்டும் இல்லையா?"

"இல்ல. நீங்க அந்த வீட்டை விட்டுப் போய்க் கன காலம். உடம்பில இருந்தது போயிட்டுது."

"அப்ப எனக்குப் படிப்பு ஏறாதது?"

டாக்டர் பேனையை வைத்துவிட்டார். "அது அப்ப செஞ்சிட்டுப் போன வேலையா இருக்கலாம். நீங்க சொன்னதெல்லாம் அதோட பொருந்துது. ஆனா முப்பது வருசத்துக்குப் பிறகு என்னால நிரூபிக்க ஏலாது."

"இருக்கலாம் எண்டு ஒரு தாள்ல எழுதித் தாங்களன்" என்றான் தம்பி. "இவளுக்கு ஒரு கடிதம் தந்தீங்கதானே. என்ட பொண்டாட்டிக்குக் காட்டணும். உம்மாக்குக் காட்டணும். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டார், அவருக்குக் காட்ட ஏலா. நான் மோடன் இல்லாம இருந்திருக்கலாம் எண்டு எழுதினாப் போதும்."

டாக்டருக்குக் கண் கலங்கியது. சோதனையில் இல்லாததைத் தன்னால் எழுத முடியாது என்றார். அவர் சொன்னது சரி. தம்பி தலையாட்டினான். பரவாயில்லை என்று சொல்லி எழுந்து, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பஸ்ஸுக்கு நடந்தான்.

அந்தத் தாளை எழுத டாக்டருக்குத்தான் ஆதாரம் வேண்டும். எனக்கு வேண்டாம். நான் அங்கே இருந்தவள். ஆகவே எழுதுகிறேன், வாசிக்கத் தெரிந்த எல்லோருக்கும்: பாதரசத்தைக் கொட்டியது நான். பொய் சொன்னது நான். அப்போது அவனுக்கு ஆறு வயது. என் தம்பி மோடன் இல்லை.